ஒரு சொல், இரண்டு பொருள்: சிலேடை வழியாக ஆங்கிலச் சொல்வளம் பெருக்க முழுமையான வழிகாட்டி

சோளக்கொல்லைப் பொம்மைக்கு ஏன் விருது கொடுத்தார்கள்? ஆங்கிலத்தில் வெகுகாலமாகப் புழங்கும் விடுகதை இது. விடை: ‘ஹி வாஸ் அவுட்ஸ்டாண்டிங் இன் ஹிஸ் ஃபீல்ட்.’ சேர்த்துச் சொன்னால் ‘அவுட்ஸ்டாண்டிங்’, அதாவது தலைசிறந்த. பிரித்துச் சொன்னால் ‘அவுட் ஸ்டாண்டிங்’, வெளியே நின்றுகொண்டிருக்கிற. ‘ஃபீல்ட்’ என்பது துறையும்தான், வயலும்தான். பொம்மை தன் துறையில் தலைசிறந்தது. பொம்மை தன் வயலில் வெளியே நிற்கிறது. இரண்டும் ஒரே மூச்சில்.

இந்த ஒற்றை வரியில் கற்க வேண்டியவை மூன்று இருக்கின்றன: இரண்டு சொற்களின் இரட்டைப் பொருள், ‘அவுட்ஸ்டாண்டிங் இன் ஹிஸ் ஃபீல்ட்’ என்று அவை இயல்பாகச் சேர்ந்து வரும் தொடர், அதில் வரும் ‘இன்’ என்ற சிறு சொல். ஆனால் சிரித்துவிட்டு அடுத்த நகைச்சுவைக்குப் போனால் மூன்றில் ஒன்றுகூட மனத்தில் நிற்காது. நகைச்சுவை புரிந்தது என்பதும் சொல் கைவந்தது என்பதும் வேறு வேறு. சிலேடையைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்திப் பார்த்தால்தான் சொல் நம்முடையதாகும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தப் பிரித்துப்போடும் வேலைக்கானவை.

தமிழ்க் காதுக்குத் தெரிந்த வித்தை

‘தாமரை’ என்றால் பூ; ‘தா மரை’ என்று பிரித்தால் தாவும் மான். ‘பலகை’ என்றால் மரப்பலகை. ‘பல கை’ என்றால் பல கைகள். பள்ளி இலக்கணத்தில் பொதுமொழி என்று படித்தது இதைத்தான். தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று இரண்டாகப் பகுக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தந்தால் செம்மொழி. பிரித்தால்தான் இரண்டாம் பொருள் வருமென்றால் பிரிமொழி. அரம், அறம் என்றும் கரி, கறி என்றும் மயங்கொலிச் சொற்களையும் படித்திருக்கிறோம். ஆங்கிலச் சிலேடைகளை வகைப்படுத்த இந்த மூன்று பெயர்களே போதும்; புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ஆங்கிலத்தில் ‘பேங்க்’ செம்மொழி: வங்கி, ஆற்றங்கரை. ‘அவுட்ஸ்டாண்டிங்’ பிரிமொழி. ‘வீக்’ மயங்கொலி: வாரம் ஒன்று, பலவீனம் இன்னொன்று, ஒலி ஒன்றே, எழுத்துதான் வேறு. தமிழில் மயங்கொலிக்கு எல்லை உண்டு: ர ற, ல ள ழ, ந ன ண இவற்றுக்குள் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் இந்த வகைதான் கடல்போல் விரிகிறது. நேரத்தில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குங்கள்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. வில்லியம் காக்ஸ்டன் 1476ல் இங்கிலாந்தில் முதல் அச்சகத்தைத் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கோவை மெல்ல உறைந்தது. உச்சரிப்போ அதற்கு முன்பே மாறத் தொடங்கி, ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை நெடில் உயிரொலிகள் பெரிய அளவில் இடம்பெயர்ந்தன. ‘நைட்’ என்ற வீரனின் பெயரில் முன்னால் நிற்கும் ‘கே’ ஒருகாலத்தில் வாயால் ஒலிக்கப்பட்டதுதான். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அந்த ஒலி தேய்ந்து மறைந்தது, எழுத்து மட்டும் மிஞ்சியது. அதனால்தான் இன்று இரவும் வீரனும் காதுக்கு ஒன்று, கண்ணுக்கு வேறு. இன்னொரு வகையும் உண்டு: மாவுக்கும் பூவுக்கும் ஆங்கிலப் பெயர் ‘ஃப்ளவர்’ என்றே ஒலிக்கிறது. ஏனென்றால் இரண்டும் தொடக்கத்தில் ஒரே சொல். அரைத்த மாவில் மிகச் சிறந்த பகுதியை ‘பூ’ என்றார்கள். 1755ல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில்கூட இரண்டுக்கும் தனித்தனி எழுத்துக்கோவை கிடையாது. இப்படி ஒரு காரணம் தெரிந்துவிட்டால் அந்த இணையை மறக்கவே முடியாது. அகராதியில் சொல்லின் பிறப்பு என்ற பகுதி இருந்தால் ஒரு நிமிடம் அதையும் படித்துவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

வெற்று அட்டைகள் 100, அல்லது ஒரு கோடுபோட்ட நோட்டு. உச்சரிப்பைக் கேட்கும் வசதியுள்ள ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்று. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றும் கற்பவர்களுக்கான அகராதிகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. நாளுக்கு 20 நிமிடம், 3 சிலேடைகள், வாரத்தில் 5 நாட்கள். மீதி 2 நாட்கள் திரும்பப் பார்ப்பதற்கு. ஒரே நாளில் 30 சிலேடைகள் படிப்பது சுகமாக இருக்கும். மறுநாள் காலையில் அவற்றில் இரண்டுகூட நினைவுக்கு வராது.

அட்டையில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் எழுத்தில் ‘பேட்’ என்று எழுதினால் அது மட்டையா, கெட்டதா, தட்டிக்கொடுப்பதா, மெத்தென்ற பட்டையா என்று தெரியாது. ஆங்கிலத்தில் அவை நான்கும் நான்கு ஒலிகள்.

முதல் படி: தமிழுக்குள் வந்துவிட்ட சொல்லிலிருந்து தொடங்குங்கள்

நாம் தினமும் பேசும் ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பொருளோடு தமிழுக்குள் வந்தவை. ‘கரண்ட்’ என்றால் நமக்கு மின்சாரம் மட்டும். ஆங்கிலத்தில் அதுவே நீரோட்டம், அதுவே ‘தற்போதைய’. ‘ஃபைன்’ அபராதம், ‘நன்றாக’ என்பதும் ‘மிக நுண்ணிய’ என்பதும் அதே சொல். ‘மேட்ச்’ போட்டி, தீக்குச்சி, பொருத்தம். ‘சார்ஜ்’ கட்டணம், மின்னேற்றம், குற்றச்சாட்டு, பாய்ந்து தாக்குதல். ‘பேட்’ மட்டை, வௌவால். ‘டேட்’ தேதி, பேரீச்சை. ‘நாவல்’ புதினம், ‘முன்பு இல்லாத புதுமையான’. ‘சென்டென்ஸ்’ வாக்கியம், சிறைத்தண்டனை. ‘டிரங்க்’ பெட்டி, அடிமரம், துதிக்கை.

இந்தச் சொற்களில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது: ஒரு பொருள் தெரியும், ஒலி தெரியும். சிலேடை இரண்டாம் பொருளை அதன் தோளில் ஏற்றிவிடுகிறது. யானை ஏன் எப்போதும் பயணத்துக்குத் தயார்? அதன் ‘டிரங்க்’ எப்போதும் கூடவே இருக்கிறது. கைதிக்குப் பிடித்த நிறுத்தக்குறி எது? முற்றுப்புள்ளி, ஏனென்றால் அங்கேதான் ‘சென்டென்ஸ்’ முடிகிறது. இப்படி 15 சொற்களை முதல் வாரத்தில் முடியுங்கள். எந்தச் சிலேடையிலும் ஒரு பக்கமாவது நமக்கு முன்பே தெரிந்ததாக இருக்க வேண்டும் என்ற விதியை இந்த வாரத்திலேயே பழக்கிக்கொள்ளலாம். அது ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாம் படி: ஆறு வரி அட்டை

ஒவ்வொரு சிலேடைக்கும் ஒரு அட்டை. வங்கி வேலையை விட்டவர் சொல்லும் பழைய வரியை எடுத்துக்கொள்வோம்: ‘ஐ யூஸ்ட் டு பி எ பேங்கர், பட் ஐ லாஸ்ட் இன்ட்ரஸ்ட்.’

1. வாக்கியம் முழுவதும். துண்டாக எழுதாதீர்கள், சுற்றியிருக்கும் சொற்கள்தான் இரண்டு பொருளையும் தாங்குகின்றன.

2. வகை. இங்கே செம்மொழி.

3. முதல் பொருள்: ஆர்வம். பெயர்ச்சொல்.

4. இரண்டாம் பொருள்: வட்டி. அதுவும் பெயர்ச்சொல், ஆனால் பன்மை ஆகாது.

5. கூட்டாளிச் சொற்கள். ஆர்வத்துக்கு: ‘லூஸ் இன்ட்ரஸ்ட்’, ‘ஷோ இன்ட்ரஸ்ட்’, ‘டேக் ஆன் இன்ட்ரஸ்ட் இன்’. வட்டிக்கு: ‘பே இன்ட்ரஸ்ட்’, ‘இன்ட்ரஸ்ட் ரேட்’, ‘இன்ட்ரஸ்ட் ஆன் எ லோன்’.

6. சிலேடையே இல்லாத இரண்டு சாதாரண வாக்கியங்கள், ஒரு பொருளுக்கு ஒன்று. உங்கள் சொந்த வாக்கியங்கள்.

ஐந்தாம் வரியில்தான் உண்மையான லாபம். ஆர்வமென்றால் பின்னால் ‘இன்’ வருகிறது, வட்டியென்றால் ‘ஆன்’ வருகிறது. இந்த வேறுபாட்டை எந்தப் பொருளகராதிப் பட்டியலும் இவ்வளவு தெளிவாகக் கண்முன் நிறுத்தாது. அகராதியில் அந்தச் சொல்லுக்குக் கீழே கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பார்த்து இந்த வரியை நிரப்புங்கள், ஊகித்து எழுதாதீர்கள்.

ஆறாம் வரியைப் பலர் விட்டுவிடுவார்கள், அதோடு முறையும் தோற்றுவிடும். சிலேடைக்குள் ஒரு சொல் எப்போதும் இரண்டு வேலை செய்கிறது. நிஜப் பேச்சில் அதற்கு ஒரு வேலைதான். ஒற்றை வேலையில் அதை நிறுத்திப் பார்க்காதவருக்கு அந்தச் சொல் நகைச்சுவைக்குள் மட்டுமே வாழும்.

மூன்றாம் படி: மயங்கொலி இணைகளில் எழுத்தைப் பிடிப்பது

பேக்கரிக்காரர் ஏன் ரொட்டி செய்கிறார்? ‘பிகாஸ் ஹி நீட்ஸ் த டோ.’ இதை நெருங்கிப் பாருங்கள். மாவைப் பிசைவதற்கும் தேவைப்படுவதற்கும் ஒலி ‘நீட்’தான். பிசைவதற்கு முன்னால் ஒலிக்காத ‘கே’ நிற்கும், நடுவில் ‘இ-ஏ’. தேவைக்கு ‘கே’ கிடையாது, நடுவில் இரண்டு ‘இ’. ‘டோ’ என்பது பிசைந்த மாவு. பழைய பேச்சுவழக்கில் பணம். மாவைப் பிசைகிறார், பணம் தேவைப்படுகிறது. ஒரே வரியில் ஒரு மயங்கொலி, ஒரு செம்மொழி. ‘டோ’வைப் பணமென்று சொல்வது கொச்சை, அதுவும் சற்றே பழையது என்பதை அட்டையில் குறித்துவையுங்கள்; அலுவலகக் கடிதத்தில் அது வரக்கூடாது.

மயங்கொலி அட்டைக்கு ஏழாவதாக ஒரு வரி சேருங்கள்: எழுத்துக் கொக்கி. இரண்டு எழுத்துக்கோவைகளில் எந்த இடம் வேறுபடுகிறதோ அந்த இடத்தை மட்டும் வட்டமிட்டு, அதைப் பொருளோடு கட்டுங்கள். காதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், கேட்பதைக் குறிக்கும் ‘ஹியர்’ என்ற சொல்லுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ‘இங்கே’ என்ற ‘ஹியர்’ சொல்லில் அது இல்லை. ‘மீட்’ இறைச்சியில் ‘உண்’ என்ற ஆங்கிலச் சொல் ஒளிந்திருக்கிறது, சந்திப்பில் இல்லை. கொக்கி தானாக அகப்படாவிட்டால் வலிந்து உருவாக்க வேண்டாம். வட்டமே போதும்.

இந்த வகை உச்சரிப்பையும் திருத்திவிடும். ராணுவக் கர்னலைக் குறிக்கும் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘கொலொனல்’ என்று வரும். சரியான ஒலி, விதையின் பருப்பைக் குறிக்கும் ‘கெர்னல்’ என்ற சொல்லின் ஒலியேதான். விடுதியின் ‘ஸ்வீட்’ அறையைப் பலர் ‘சூட்’ என்கிறார்கள்; சரியான ஒலி, இனிப்பைக் குறிக்கும் ‘ஸ்வீட்’ என்ற சொல்லின் ஒலியேதான். ‘தைம்’ என்று படிக்கத் தோன்றும் மூலிகையின் பெயர் ‘டைம்’தான். வரிசையைக் குறிக்கும் ‘க்யூ’வும் நாடகத்தில் குறிப்புக் கொடுக்கும் ‘க்யூ’வும் ஒன்றே. இந்தச் சொற்களை வைத்து ஒரு சிலேடை புரிந்துவிட்டால், இனி அவற்றைத் தப்பாக உச்சரிக்க வாய் வராது. தப்பாக உச்சரித்தால் சிலேடையே உடைந்துவிடுமே.

நேரெதிர் வகை ஒன்றும் உண்டு: எழுத்து ஒன்று, ஒலி வேறு. ‘லீட்’ என்றால் வழிநடத்து. அதே எழுத்துகளை ‘லெட்’ என்று படித்தால் ஈயம். கண்ணீர் ‘டியர்’, கிழிப்பது ‘டேர்’. நிமிடம் ‘மினிட்’, மிகச் சிறிய ‘மைன்யூட்’. இவை பேச்சில் சிலேடையாகாது. எழுதிக் காட்டினால்தான் வேலை செய்யும். ஈயத்தின் ‘லெட்’ ஒலிதான் வழிநடத்தியதைச் சொல்லும் இறந்தகால வினைக்கும். அதனால்தான் அந்த வினையை எழுதும்போது ஆங்கிலம் தாய்மொழியானவர்கள்கூட நடுவில் ஒரு ‘ஏ’யை நுழைத்துப் பிழை செய்கிறார்கள். இறந்தகாலத்தில் ‘ஏ’ கிடையாது.

நான்காம் படி: போலிச் சிலேடையைக் களையெடுப்பது

தமிழ்க் காதுக்கு ஒன்றாக ஒலிப்பதெல்லாம் ஆங்கிலத்தில் ஒன்றல்ல. இந்த இடத்தில் அவசரப்பட்டால் சொல்லும் தவறும், உச்சரிப்பும் தவறும்.

தமிழில் ‘வ’ ஒன்றுதான். ஆங்கிலத்தில் ‘வி’க்கு மேற்பல் கீழுதட்டைத் தொடும், ‘டபிள்யூ’வுக்கு உதடு குவியும், பல் தொடாது. ஆகவே கொடியும் மதுவும் சிலேடை ஆகாது. நமக்கு மட்டும்தான் இரண்டும் ‘வைன்’. அதேபோல ‘எஸ்’ ஒலிக்கும் ‘இஸட்’ ஒலிக்கும் வேறுபாடு: விலையும் பரிசும் ‘பிரைஸ்’ என்று ஒன்றாகத் தெரியலாம், பனிக்கட்டியும் கண்களும் ‘ஐஸ்’ என்று தெரியலாம், பரிசிலும் கண்களிலும் முடிவில் தொண்டை அதிர வேண்டும். கழுத்தில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள், அதிர்வு தெரியும். நொறுக்குத்தீனியையும் பாம்புகளையும் குழப்புவது இன்னொன்று: முதலாவதில் உயிரொலி ஒரே நிலையில் நிற்கும், இரண்டாவதில் ‘எய்’ என்று நகரும்.

சோதனை எளிது. இரண்டு சொற்களையும் அகராதியில் தேடி, சாய்கோடுகளுக்குள் இருக்கும் ஒலிக்குறிகளை அடுத்தடுத்து வையுங்கள். நீட்டல் குறி உட்பட ஒவ்வொரு குறியும் ஒத்திருந்தால் முழுச் சிலேடை. ஒரு குறி வேறுபட்டால் கிட்டத்தட்டச் சிலேடை. ஆங்கிலத்தில் அப்படியும் நிறைய உண்டு, ஆனால் அட்டையில் ‘கிட்டத்தட்ட’ என்று எழுதி, வேறுபடும் ஒலியை அடிக்கோடிடுங்கள். பிறகு இரண்டின் ஒலிப்பதிவையும் மாறிமாறி ஐந்து முறை கேளுங்கள்.

பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் அழுத்திக் கேட்க மறக்காதீர்கள். தென் இங்கிலாந்தில் ‘சாஸ்’ என்ற தொடுகறியும் ‘சோர்ஸ்’ என்ற மூலமும் ஒரே ஒலி. அமெரிக்காவில் ‘ஆர்’ ஒலித்துக் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்கர் பலருக்கு அத்தையும் எறும்பும் ஒன்று. இங்கிலாந்தின் தெற்கில் அத்தையின் பெயரில் ‘ஆ’ நீளும். ஒரு சிலேடை புரியவே இல்லையென்றால் அது கடலுக்கு அந்தப்பக்கத்துச் சிலேடையாக இருக்கக்கூடும்.

ஐந்தாம் படி: தமிழும் ஆங்கிலமும் மோதும் சிலேடை

முற்றிலும் புதிய சொல்லுக்கு, அதன் ஒரு பக்கம்கூட நமக்குத் தெரியாதபோது, தமிழையே மறுபக்கமாக வைக்கலாம். ரிச்சர்ட் அட்கின்சனும் மைக்கேல் ராவும் 1975ல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் மாணவர்கள் 120 ரஷ்யச் சொற்களை இவ்வாறு கற்றார்கள்: ரஷ்யச் சொல்போல ஒலிக்கும் ஒரு ஆங்கிலச் சொல்லைப் பிடித்து, அதைப் பொருளோடு ஒரு மனச்சித்திரத்தில் இணைத்தார்கள். தேர்வில் அவர்கள் 72 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். வழக்கமான முறையில் கற்றவர்கள் 46 விழுக்காடு.

‘கல்’ என்று ஒலிக்கும் ஒரு ஆங்கில வினை உண்டு. கூட்டத்திலிருந்து வேண்டாததைப் பொறுக்கி நீக்குவது அதன் பொருள். தானியத்தில் கல் பொறுக்கும் விரல்களை நினையுங்கள். ஒலியும் செயலும் ஒரே படத்தில் வந்துவிட்டன. ‘மல்’ என்று ஒலிப்பது இன்னொரு வினை, பெரும்பாலும் ‘மல் ஓவர்’ என்றே வரும்: ஒரு விஷயத்தை முடிவெடுக்காமல் நெடுநேரம் யோசிப்பது. மனத்தோடு மல்லுக்கட்டுவதாகப் படம் வையுங்கள். துண்டித்துப் பிரிப்பதற்கு ‘செவர்’ என்று ஒரு வினை: ஒரே வீட்டை நடுவில் செவர் எழுப்பி இரண்டாக்குகிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: கடுமையான என்று பொருள்படும் ‘சிவியர்’ வேறு சொல். இரண்டுக்கும் எழுத்தில் கடைசி ‘இ’ ஒன்றுதான் வேறுபாடு. ஒலியில் அழுத்தம் விழும் இடமும் மாறும்: துண்டிப்பதில் முதல் அசையில், கடுமையில் இரண்டாவதில்.

படத்துக்கு இரண்டு நிபந்தனைகள். தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லின் முதல் அசையையாவது மாற்றமில்லாமல் ஒத்திருக்க வேண்டும். படத்துக்குள் பொருள் செயலாக நடக்க வேண்டும். கல் சும்மா கிடந்தால் போதாது, யாரோ பொறுக்க வேண்டும். ஒலியை இழுத்துத் திருகி உண்டாக்கிய ஒப்புமை, சொல்லை நினைவூட்டினாலும் தப்பான உச்சரிப்பை நிரந்தரமாக்கிவிடும். நான்கைந்து முறை சரியாக நினைவுக்கு வந்தபின் படம் தானே உதிர்ந்துவிடும். அதைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம்.

ஆறாம் படி: நீங்களே ஒன்று கட்டுவது

வாரத்துக்கு ஒன்றாவது கட்டுங்கள். பிறர் சிலேடையைப் புரிந்துகொள்ள ஒரு சொல்லின் பொருள் தெரிந்தால் போதும். கட்டுவதற்கோ அந்தச் சொல் யார் யாரோடு பழகும் என்பதும் தெரிய வேண்டும்.

‘கரண்ட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். தாளை நெடுக்காக இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் மின்சாரம்: கம்பி, அதிர்ச்சி, எலக்ட்ரீஷியன். வலப்பக்கம் நீரோட்டம்: ஆறு, மீன், நீச்சல், படகு. இப்போது இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக வரக்கூடிய ஒரு அடைமொழியைத் தேடுங்கள். அகராதி ‘ஸ்ட்ராங்’ என்று சொல்கிறது. வலுவான மின்னோட்டமும் உண்டு, வலுவான நீரோட்டமும் உண்டு. இடப்பக்கத்திலிருந்து ஒரு ஆள், வலப்பக்கத்திலிருந்து ஒரு ஆள்: எலக்ட்ரீஷியன், மீன். ‘த ஃபிஷ் பிகேம் ஆன் எலக்ட்ரீஷியன் பிகாஸ் இட் வாஸ் யூஸ்ட் டு ஸ்ட்ராங் கரண்ட்ஸ்.’ சிலேடைச் சொல் கடைசியில் நிற்கிறது. அது அவசியம், முன்னாலேயே வந்துவிட்டால் கேட்பவர் இரண்டாம் பொருளுக்குத் திரும்ப வழி இருக்காது.

பொது அடைமொழியோ பொது வினையோ கிடைக்கவில்லையென்றால் அந்த இணையை விட்டுவிடுங்கள். வலிந்து கட்டினால் ஒரு பக்கத்தில் யாரும் சொல்லாத ஆங்கிலம் வரும், அந்தப் பிழையான ஆங்கிலம்தான் நினைவில் தங்கும்.

ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு அதன் சொற்களையெல்லாம் சோதிப்பது நல்ல பயிற்சி. செருப்புத் தொழிலில் மட்டும் ‘சோல்’ அடிப்பாகம், ஆன்மா, ஒரே ஒரு, ஒருவகை மீன். ‘ஹீல்’ குதிகால், குணமாக்கு. ‘டங்’ ஷூவின் நடுப்பட்டை, நாக்கு. ஒரே உட்காரலில் ஐந்தாறு அட்டைகள் தேறும்.

உடைந்த பழமொழிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிதிருத்தகப் பலகைகளில் வரும் ‘ஹேர் டுடே, கான் டுமாரோ’ புரிய வேண்டுமானால், ‘இன்று இருக்கும், நாளை இருக்காது’ என்ற மூலத்தொடர் தெரிந்திருக்க வேண்டும். அதில் ‘ஹேர்’ இருக்கும் இடத்தில் ‘ஹியர்’ வரும். செய்தித் தலைப்புகளில் இந்த வகை மிகுதி. அட்டையில் உடைந்த வடிவத்தை எழுதாமல் மூலத்தொடரை மேலே எழுதுங்கள், உடைந்ததைக் கீழே.

ஏழாம் படி: திரும்பப் பார்ப்பது

கற்றது முதல் சில மணி நேரத்திலும் நாள்களிலும்தான் வேகமாக மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்கௌஸ் 1885லேயே அளந்து எழுதினார். அதனால் இடைவெளிகள் முதலில் குறுகியும் பிறகு அகன்றும் இருக்க வேண்டும்: மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 21ஆம் நாள். அட்டைகளை செபாஸ்டியன் லைட்னர் 1972ல் விளக்கிய பெட்டிமுறையில் அடுக்கலாம்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறியது முதல் அறைக்குத் திரும்பும்.

எதைச் சரி என்று எடுத்துக்கொள்வது என்பதில் கண்டிப்பு வேண்டும். நகைச்சுவை ஞாபகம் வந்துவிட்டது என்பதற்காக அட்டையை நகர்த்தாதீர்கள். இரண்டு பொருளையும் சொல்லி, மயங்கொலியென்றால் இரண்டு எழுத்துக்கோவையையும் எழுதி, முன்பு எழுதாத புதிய சாதாரண வாக்கியம் ஒன்றைச் சொன்ன பிறகே நகர்த்துங்கள். 7ஆம் நாள் தேர்வை எதிர்த்திசையில் வையுங்கள்: தமிழில் ‘பொறுமை’, ‘நோயாளிகள்’ என்று இரண்டு பொருளை மட்டும் பார்த்து, ‘பேஷன்ஸ்’ என்ற ஒலியையும், மருத்துவர் ஏன் வேலையை விட்டார் என்பதற்கு விடையான ‘ஹி லாஸ்ட் ஹிஸ் பேஷன்ஸ்’ என்ற வரியையும் நீங்களே வரவழைக்க வேண்டும்.

எங்கே தவறுகிறது

இரண்டு பக்கமும் புதிதாக உள்ள இணையை எடுப்பது முதல் தவறு. கப்பற்பாய்க்கான சொல்லும் விற்பனைக்கான சொல்லும் தெரியாதவர் ‘சேல்’ இணையைப் படித்தால், எது எந்த எழுத்து என்று ஆண்டுக்கணக்கில் குழம்பும். ஒன்று கெட்டியாகப் பதிந்தபின் மற்றதைக் கொண்டுவாருங்கள், இடையில் இரண்டு வாரமாவது விடுங்கள். ஏற்கெனவே குழம்பியிருந்தால் சிலேடை அட்டையை ஒதுக்கிவைத்துவிட்டு, அதிகம் புழங்கும் ஒரு சொல்லை மட்டும் பத்து வாக்கியங்களில் எழுதுங்கள்.

இன்னொன்று, சிலேடைக்காகவே உயிரோடிருக்கும் அரிய சொற்களைச் சேகரிப்பது. அகராதிகள் அடிக்கடி புழங்கும் சொற்களுக்கு அடையாளம் போட்டிருக்கும். அது இல்லாத சொல்லுக்கு அட்டை வேண்டாம். கொச்சை என்றோ மரியாதைக் குறைவானது என்றோ அகராதி குறித்திருந்தால், அதைச் சிவப்பு மையில் அட்டைமேல் எழுதுங்கள். ஆங்கிலச் சிலேடைகளில் கணிசமானவை மறைமுகமாக ஆபாசம் தொட்டவை. பொருள் முழுவதும் தெரியாமல் ஒன்றைச் சபையில் சொல்லிவிடக் கூடாது.

கண்ணால் மட்டும் படிப்பதும் பயன் தராது. பிரிமொழிச் சிலேடையில் எங்கே மூச்சு விடுகிறோம், எந்த அசையை அழுத்துகிறோம் என்பதில்தான் பொருள் மாறுகிறது. ‘ஐஸ்கிரீம்’, ‘ஐ ஸ்கிரீம்’ இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: முதலாவதில் ‘எஸ்’ முன்னசையோடு ஒட்டும், இரண்டாவதில் பின்னசையைத் தொடங்கிவைக்கும்.

புரியாத சிலேடையைத் திறப்பது

வாக்கியத்தில் இடத்துக்குப் பொருந்தாத சொல்லைத் தேடுங்கள். அதை மெதுவாக, பிறகு வேகமாகச் சொல்லிப் பாருங்கள். எழுத்தை மறந்து ஒலியை மட்டும் கேட்டு, வேறு எந்தச் சொல் என்று யோசியுங்கள். பிடிபடவில்லையென்றால் அகராதியில் அந்தச் சொல்லின் இரண்டாம், மூன்றாம் பொருளுக்கு இறங்குங்கள். அப்போதும் இல்லையென்றால் அது பெயர்ச்சொல்லா, வினையா என்று மாற்றிப் பாருங்கள்.

‘செவன் டேஸ் விதவுட் ஃபுட் மேக்ஸ் ஒன் வீக்.’ ஏழு நாள் ஒரு வாரம், சரி, உணவில்லாவிட்டால் என்ன? ‘வீக்’கின் எழுத்தை மாற்றினால் பலவீனம். கூடவே ‘ஒன்’ எண்ணாக இல்லாமல் ‘ஒருவரை’ என்றாகிவிடும்.

‘டைம் ஃப்ளைஸ் லைக் ஆன் ஆரோ, ஃப்ரூட் ஃப்ளைஸ் லைக் எ பனானா.’ முதல் பாதியில் ‘ஃப்ளைஸ்’ பறக்கிறது என்ற வினை, ‘லைக்’ என்பது ‘போல’. அம்புபோல் பறக்கிறது காலம். அதே கணக்கில் இரண்டாம் பாதியைப் படித்தால் பழம் வாழைப்பழம்போல் பறக்கும், பொருந்தவில்லை. இலக்கணத்தை மாற்றுங்கள்: ‘ஃப்ரூட் ஃப்ளைஸ்’ சேர்ந்து பழ ஈக்கள், ‘லைக்’ இப்போது விரும்புகின்றன என்ற வினை. பழ ஈக்களுக்கு வாழைப்பழம் பிடிக்கும். இந்த ஒன்றுக்கு இரண்டு அட்டைகள் போடுங்கள்: ‘ஃப்ளை’க்கு ஒன்று, ‘லைக்’குக்கு ஒன்று.